கீழிருந்து வெட்டலாம்

அரை மணி நேரம் எதையும் தொடக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, தலையைச் சொறியக் கூடாது என்று சொல்லிவிட்டு மனைவி வசந்தாமணி டை கலந்த கிண்ணத்தையும் பழைய டூத் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். குழந்தைவேலு ஹாலின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தைச் சுற்றிச் சாயம்போன துண்டும் அக்குளில் கிழிந்த பனியனுமாக, காலடியில் விரித்த நேற்றைய பேப்பரின் மேல் பாதங்களை வைத்துக்கொண்டு, எண்ணெய்க் காப்புச் சார்த்திய சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்குப் பெனிட்டா வருகிறாள். சென்னையில் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறவள். பத்திரிகையில் அவர் எழுதிய பத்திக் கட்டுரைகளைத் தொகுத்து, அறுபது வயது தாண்டிய மனிதருக்கு முதல் புத்தகம் என்று ஒன்றை ஜனவரிப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்தவள். வருகிறவள் காப்பி குடிப்பாள், ஈரோட்டு வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள், அப்புறம் கேட்பாள்: நாவல் என்ன ஆச்சு சார்? அதற்கு என்ன சொல்வது என்பதுதான் காலையிலிருந்து அவருக்குப் பிடிபடவில்லை. முடியப்போகிறது என்று பொய் சொன்னால் அடுத்த ஜனவரிக்குள் ஏதோ ஒன்றை எழுதித் தள்ளியாக வேண்டும், அது புத்தகமாகவும் வந்துவிடும், அதுதான் பயம். வராது என்று உண்மையைச் சொன்னால் முப்பது வருடமாக வைத்திருந்த ஒரே ஆசை இந்த ஹாலிலேயே, இந்தக் கிழிந்த பனியனுக்கு முன்னாலேயே முடிந்துபோகும். இதுவரைக்கும் மாதத்துக்கு ஒருமுறை அவள் வாட்ஸ்அப்பில் கேட்டபோதெல்லாம் ‘போய்க்கொண்டிருக்கிறது’ என்று பதில் போட்டிருந்தார். எது போகிறது, எங்கே போகிறது. போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ‘விசாரணை போய்க்கிட்டிருக்குங்க’ என்றால் ஒன்றும் போகவில்லை, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சர்வீஸ் பூராவும் நிருபராக அந்த வார்த்தையைக் கேட்டு எழுதியவருக்கு இப்போது அதே வார்த்தை தன் விரல் நுனியிலிருந்தே வந்தது.

டை காதோரம் இறங்கிச் சில்லென்றது. துடைக்கலாமா, கூடாது, கை கறுத்துவிடும். அன்றைக்குப் புத்தக வெளியீட்டு மேடையிலும் இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நன்றி, வணக்கம் என்று சொல்லி இறங்க வேண்டிய ஏற்புரை. முகத்தில் விளக்கு, தோளில் பொன்னாடை, ஜரிகை கழுத்தை அறுத்தது, கீழே முன்வரிசையில் வசந்தாமணி பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டிருந்தாள், பேசியவர்கள் எல்லோரும் ‘நம்முடைய குழந்தைவேலு’ என்று வேறு சொல்லிவிட்டார்கள். வாய் தானாகத் திறந்தது. இந்த ஆண்டு ஒரு நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, பத்திரிகை அனுபவங்கள் பற்றி ஒரு நூல், பவானி ஆற்றைப் பற்றி ஒரு நூல். சொன்னது அவரில்லை, அவருக்குள் இத்தனை வருடம் பதுங்கியிருந்த யாரோ ஒரு மாவட்டச் செயலாளர். எத்தனை கூட்டங்களில் அவர் பேனாவும் கையுமாக அப்படிப்பட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், புறவழிச்சாலை விரைவில், மேம்பாலம் விரைவில், ஐந்து ஊருக்குக் கூட்டுக் குடிநீர் விரைவில். அறிவிப்புதான் செய்தி. அடுத்த வருடம் போய்ப் பாலம் வந்ததா என்று பார்த்தால் அது செய்தியில்லை, வேலையற்ற வேலை. ஆனால் பெனிட்டா பத்திரிகைக்காரி அல்லவே, அவள் போய்ப் பார்க்கிற ஜாதி. மேடையை விட்டு இறங்கிய சூட்டிலேயே நாலு தலைப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள், அடுத்து அவள் போட்ட எல்லாப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்திலும் குழந்தைவேலு என்ற பேருக்குக் கீழே நாலு வரி, அதற்குக் கீழே ‘விரைவில்’. இப்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, அழைப்பிதழ் வேலை இல்லாமல் அச்சகங்கள் காற்று வாங்கும். காகிதம் பேசி வைக்கலாம், பைண்டிங்காரரைப் பிடித்து வைக்கலாம். அதற்கு முன்னால், ஜனவரிக்கு யார் என்ன தருவார்கள் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் பெனிட்டா ஆடியில் ஊர் ஊராகப் போய்த் தன் எழுத்தாளர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். போனில் கேட்டால் முழுப் பொய் சொல்வார்கள், நேரில் போனால் பாதிதான் சொல்வார்கள் என்று அவளே ஒரு பேட்டியில் சொல்லியிருந்தாள். “ஆடிக்கு ஊர்ல பொண்ணு மாப்பிள்ளைய அழைப்பாங்க. இந்தப் புள்ள கெழவனுகளையல்லொ அழைக்க வருது” என்று வசந்தாமணி காலையில் டை கலக்கும்போது சொன்னாள். “அதுக்கு மாப்பிள்ளை கணக்கா மையடிச்சுட்டு உக்கோந்திருக்கிறீங்க. எழுதறதை எழுதியிருந்தா நரைச்ச தலையோட உக்கோந்திருக்கலாமுங்க.” சரிதான். எழுதி முடித்தவனுக்கு நரை ஒரு அழகு. எழுதாதவனுக்கு அது வெறும் வயசு.

கணக்குப் பார்ப்பதென்றால் பார்த்துவிடலாம், பாதி ஆண்டு போய்விட்டது, கை கால் கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. சிறுகதைத் தொகுப்பு: ஒரு கதை, அதிலும் பாதி. கதாநாயகன் மார்ச் மாதம் கோபி பஸ்ஸில் ஏறினான், இன்னும் இறங்கவில்லை, பாவம், டிக்கெட் கூட வாங்கவில்லை. பத்திரிகை அனுபவம்: முக்கால்வாசிப் பேர் உயிரோடு இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் காலையில் வ.உ.சி. பூங்காவில் அவரோடு நடக்கிறார்கள். ஆறு: இரண்டு முறை பவானிக் கூடுதுறைக்குப் போய்வந்தார், ஒரு முறை செருப்பு தொலைந்தது. ஆடிப்பெருக்குக்கு வருடா வருடம் அங்கே நின்று ‘அதிகாலை முதலே பக்தர்கள் குவிந்தனர்’ என்று அனுப்பியவருக்குத் தண்ணீரைப் பார்த்ததும் அந்த வரிதான் வந்தது, வேறு ஒரு வரியும் வரவில்லை, பக்தர்களே இல்லாத வெறும் புதன்கிழமையிலும் குவிந்தனர், குவிந்தனர் என்றே மண்டைக்குள் ஓடியது. மிஞ்சுவது நாவல். நாவல்தான் வேகமாகப் போனது. வாரத்துக்கு ஒரு அத்தியாயம், எதிலும் அடித்தல் திருத்தல் கிடையாது, ஒவ்வொன்றும் பேப்பரில் செய்திக்கு அளந்து கொடுத்த இடம் மாதிரி ஒரே நீளத்துக்கு வந்து நின்றது. அப்போதே பயந்திருக்க வேண்டும், அவர் சந்தோஷப்பட்டார். மூன்று அத்தியாயத்தைப் பெனிட்டாவுக்கு அனுப்பிக்கூட விட்டார். அதற்கு அவள் பதிலே போடவில்லை. அப்புறம்தான் ஒரு மத்தியானம், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வாசிக்கும்போது, விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க உள்ளங்கையை அதன் கீழ்ப்பாதியில் வைத்தார். கை மறைத்த பாதியை வாசிக்காமலே அடுத்த தாளுக்குப் போனார். ஒன்றும் குறையவில்லை. அடுத்த அத்தியாயத்திலும் வைத்துப் பார்த்தார், அங்கேயும் குறையவில்லை. கையை இன்னும் மேலே கொண்டுபோனார், முதல் பத்திக்குக் கீழே, இரண்டாவது வரிக்குக் கீழே. அப்போது நாகசாமியின் குரல் காதில் கேட்டது, கோவை டெஸ்க்கில் பக்கம் கட்டிய நாகசாமி, விளம்பரம் வந்துவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுகிற மனிதர், படித்துப் பார்க்கவே மாட்டார், கடைசி மூன்று பத்தி போச்சு என்றால் போச்சு. வெட்டிவிட்டுப் போனில் கூப்பிட்டுச் சொல்வார்: “வேலு, உன்னோட செய்தி மாதிரி ஒருத்தனும் எழுத முடியாதுய்யா. எங்கே வெட்டினாலும் ரத்தமே வராது.” அந்தப் பாராட்டை நம்பித்தான் அவர் சர்வீஸை ஓட்டினார். யார், எங்கே, எப்போது, எதனால், எல்லாம் முதல் பத்தியில். வாசிக்கிறவன் அதோடு எழுந்து வேலைக்குப் போய்விடலாம். அதையேதான் நாவலிலும் செய்திருந்தார். முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்திலேயே கதாநாயகி செல்லாத்தாள் வீட்டை விட்டுப் போய்விட்டாள், எந்த ஊருக்குப் போனாள், எந்தக் கம்பெனியில் சேர்ந்தாள், குடும்பத்தில் என்ன மனவருத்தம், எல்லாம் வந்துவிட்டது, வயது மட்டும் முதலில் அடைப்புக்குறிக்குள் இருந்தது, அதை எடுத்துவிட்டார். இரண்டாவது அத்தியாயத்தில் அவளுடைய மனசில் ஓடியதெல்லாம் ‘கூறப்படுகிறது’. ஐந்தாவது அத்தியாயம் ‘இதனால் அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது’ என்று முடிந்தது. அது அச்சில் எத்தனை ஆயிரம் முறை வந்ததோ, அவருடைய கை அதைத் தன்னுடையது என்றே நினைத்துவிட்டது. பதினோரு அத்தியாயம். பதினோரு முதல் பத்தி. அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

மண்டை அரித்தது, நடு உச்சியில், சரியாக அந்த இடத்தில். அரிப்பை நினைக்காமலிருந்தால் போய்விடும் என்பார்கள், நினைக்காமலிருப்பது எப்படி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. பயமும் அப்படித்தான். அப்பா இறந்துபோன வயது இன்னும் கொஞ்ச தூரத்தில்தான் நிற்கிறது, முன்பெல்லாம் தெருக்கோடியில் தெரிந்தது, இப்போது எதிர்வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிறது. ஜனவரி என்கிற தேதியை எடுத்துவிட்டால் எழுதுவாரா? எடிஷன் முடிகிற நேரம் நெருங்காமல் ஒரு வரி எழுதியதில்லை, சொந்தக் கல்யாணத்துக்கு நன்றிக் கடிதம் கூட அச்சகக்காரர் வந்து வாசலில் நின்ற பிறகுதான் எழுதினார். ஜனவரி இல்லையென்றால் அதற்கடுத்த ஜனவரி என்று நீளும், ஒரு ஜனவரியில் அவர் இருக்க மாட்டார், பெனிட்டா இரங்கல் செய்தி போடுவாள், அதில் முதல் பத்தியிலேயே எல்லாம் வந்துவிடும், இரண்டாவது பத்திக்கு ஒன்றும் இருக்காது. எதற்கு இந்த நாவல்? செல்லாத்தா அத்தைக்காக. நாவலில் பேரைக்கூட அவர் மாற்றவில்லை. அப்பாவின் தங்கை, கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள், வீட்டுப் பக்கவாட்டில் சார்ப்பு இறக்கி ஒரு விசைத்தறி போட்டுக்கொண்டு தன் சோற்றைத் தானே சம்பாதித்தவள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போய்விட்டாள். சண்டையில்லை, காதலில்லை, நகையில்லை, ஒரு மாற்றுப் புடவை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறாள் என்று தெரிய நாளாயிற்று, தெரிந்த பிறகு யாரும் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை, கடைசிவரை அங்கேயே ஒற்றை அறையில் இருந்து செத்தாள். நிருபராகி ரொம்ப வருடம் கழித்து ஒரு முறை அவளைப் போய்ப் பார்த்தார். தேங்காய் பன் வாங்கி வைத்தாள், டீ போட்டாள், வசந்தாமணியை விசாரித்தாள். “எதுக்குங்கத்தை போனீங்க?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். “எதுக்குக் கண்ணு கேக்கற? பேப்பர்ல போடறதுக்கா?” அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சு திருப்பூர்த் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் வராத பேட்டி அவருடைய சர்வீஸில் அது ஒன்றுதான். அதற்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் நாவல், ஆனால் நாவலில் அவர் செய்ததெல்லாம் பதிலை முதல் பத்தியில் தானாகவே எழுதிவிட்டு, மிச்சத்தைக் கூறப்படுகிறது என்று நிரப்பியது. அத்தை சரியாகத்தான் கேட்டாள். பேப்பரில் போடறதுக்கா.

சமையலறையில் கிரைண்டர் ஓடியது, நாளை இட்லிக்கு. அந்தச் சத்தம் வீட்டில் இருந்தால் வசந்தாமணி இருக்கிறாள் என்று அர்த்தம், ஞாயிற்றுக்கிழமை அவளுடைய குரலே அதுதான். தலையைத் திருப்பக் கூடாது, அதனால் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் பேச ஆரம்பித்தார். ஒத்திகை பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தார். “அம்மணி, அந்தப் புள்ளைகிட்ட ஜனவரிக்கு நாவல் வராதுன்னு சொல்லிறலாம்னு பாக்கறேன்.” கிரைண்டர் ஓடியது. அவள் வாயைத் திறக்கவில்லை, அது ஆச்சரியமாக இருந்தது, தைரியமாகவும் இருந்தது. “மார்ச்சிலிருந்து ஒரு எழுத்து எழுதலை. போய்க்கிட்டிருக்குன்னு சொன்னதெல்லாம் பொய். எழுதினதும் நாவல் இல்லை. செய்தி. பதினோரு செய்தி. நீ படிச்சிருந்தீன்னா மொதல் வரியோட மூடி வச்சிருப்பே.” சொல்லச் சொல்ல நெஞ்சில் ஏதோ ஒரு கட்டு தளர்ந்தது, இறுக்கிப் போட்ட பெல்ட்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு துளை தள்ளிப் போடுகிற மாதிரி. சொல்லிவிட்டோம், வீடு இடிந்து விழவில்லை. “அந்தச் சிறுகதையும் வேண்டாம், ஆறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மேடையில வாய் நீண்டுபோச்சு. எனக்குத் தெரிஞ்சது மொதல் பத்தி மட்டும்தான் அம்மணி, ரெண்டாவது பத்தி எப்படி எழுதறதுன்னே தெரியலை. பயமா இருக்குது.” இந்த வார்த்தையை அவர் வசந்தாமணியிடம் சொன்னதே இல்லை. பதிலுக்குக் காத்திருந்தார். கிரைண்டர் ஓடியது. “ஏம்மணி?” கிரைண்டர் ஓடியது. கழுத்தை மெல்ல, துண்டோடு சேர்த்து, லாரி திருப்புகிற மாதிரி திருப்பிச் சமையலறைக் கதவு வழியாகப் பார்த்தார். யாருமில்லை. கல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, பின்கதவு திறந்து கிடந்தது, ஆடிக் காற்றில் அடித்துக்கொண்டது. கறிவேப்பிலைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள். இத்தனை நேரமும் அவர் ஒரு கல்லிடம் பேசிக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது, தலை அசையாமல் வயிறு மட்டும் குலுங்கிச் சிரித்தார், பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார். சத்தம். சத்தம் இருந்ததால் ஆள் இருக்கிறாள் என்று நினைத்தார். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தார். பிளஸ் டூ முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடை, மத்தியானம், சார்ப்புக்கு இந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் தறி அடித்துக்கொண்டிருந்தது. பழைய தறி, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் தீர்ந்தாலும் நிற்காது, அதைக் கொண்டுபோகிற நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும், சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர் அத்தையிடம் பேசிக்கொண்டுகூட இருந்தார். பேப்பரில் வந்த ஏதோ ஒன்றை வாசித்துக் காட்டினார், அவள் பதில் சொல்லவில்லை, தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று இன்னும் பலமாக வாசித்தார். அம்மா தயிர் உறை ஊற்றினாள். அப்பா தூங்கி எழுந்து முகம் கழுவினார். “செல்லா, டீ வேணுமா?” என்று அம்மா கேட்டுவிட்டு, சத்தம் வந்துகொண்டிருந்ததால் வேணும் என்று எடுத்துக்கொண்டு டீ போட்டாள். அந்த மத்தியானம் முழுக்க வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தராக எல்லோரும் அவளோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவள் அப்போது எங்கேயோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

இதை அவர் எழுதவில்லை. பதினோரு அத்தியாயத்தில் ஓரிடத்தில்கூடத் தறி ஓடவில்லை. ஏனென்றால் அது செய்தியில்லை, போனதுதான் செய்தி, போனது தெரியாமல் இருந்த நேரம் எந்த நிருபரும் குறித்துக்கொள்ளாத நேரம். குறித்திருந்தாலும் நாகசாமி முதலில் அதைத்தான் வெட்டியிருப்பார். அவள் போய்விட்டாள் என்று சொல்லாமலே எவ்வளவு தூரம் போகலாம்? டீ ஆறும் வரைக்கும் போகலாம். தறிக்குள் நெடுக்கே கட்டிய பாவு நூல் தனியாக அடிவாங்கிப் பிசிறு கட்டும் வரைக்கும் போகலாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒருத்தன் எழுந்து அந்தக் கதவைத் தள்ளுகிற வரைக்கும், அந்தக் கதவு ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கலாமே, எதற்கு அதை முதல் வரியில் திறந்து வைத்தான் மடையன். ஏன் போனாள் என்று கடைசிவரை தெரியாமலே இருக்கட்டும், அது அவளுடையது, திருப்பூரிலேயே சொல்லிவிட்டாள். அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தமும், “அய்யோ, இப்பவே வந்துட்டீங்களா கண்ணு, இன்னும் தலை காயலையே” என்று வசந்தாமணியின் குரலும் சேர்ந்தே கேட்டன.

“பவானில ஒருத்தரைப் பாக்கணும்னு இருந்தேன் அக்கா. வீட்டைப் பூட்டிட்டு ஓடிட்டார்” என்று சொல்லிக்கொண்டே பெனிட்டா உள்ளே வந்தாள், வந்தவள் நின்றாள், துண்டையும் பனியனையும் கறுப்பாகப் பளபளத்த தலையையும் பார்த்தாள், பையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “எந்திரிக்காதீங்க சார். நல்லா இருக்கு. இப்படியே ஒரு போட்டோ எடுத்துப் பின்னட்டையில போடறேன்.” வசந்தாமணி கறிவேப்பிலையை உதறினாள். “போடு கண்ணு. உள்ள என்ன இருக்குதோ அட்டையாச்சும் கறுப்பா இருக்கட்டும்.” காப்பிக்கு நேரம் கொடுத்தால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது, இந்தக் கோலத்தில் இழப்பதற்கு மரியாதை என்று ஒன்றும் மிச்சமில்லை என்பதும் ஒரு வசதியாக இருந்தது. “பெனிட்டா, ஜனவரிக்கு நாவல் வராது” என்றார். கிரைண்டரிடம் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்ததால் வார்த்தை தடுக்கவில்லை. பெனிட்டா சோபாவில் உட்கார்ந்தாள். “ஜனவரிக்கு வராதா, வரவே வராதா சார்?” “ஜனவரிக்கு வராது.” முகம் சுருங்குமென்று அவர் எதிர்பார்த்தார், அவள் சோபாவிலேயே காலை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “அப்பாடா” என்றாள். “நேத்து சேலத்துல ஒருத்தர் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கின்னார். மூணு வருசமா அதேதான் பாக்கி. நாமக்கல்ல ஒருத்தர் பி.பி. மாத்திரையைக் காட்டறார். எனக்கு வேண்டியது நாவல் இல்ல சார், வருமா வராதாங்கற பதில். வராதுன்னு ஒருத்தராச்சும் வாயைத் திறந்து சொன்னாத்தானே நான் வேற ஒண்ணுக்குப் பேப்பர் வாங்க முடியும்?” “அப்ப கோவமில்லையா?” “ஆறு மாசமா போய்க்கிட்டிருக்கு, போய்க்கிட்டிருக்குன்னு போட்டீங்களே, அதுக்குக் கோவம் இருக்கு. இதுக்கு இல்ல.”

“அந்த மத்த மூணையும் புத்தகத்துக் கடைசிப் பக்கத்துலேர்ந்து எடுத்துரு” என்றார். “பவானி ஆறுமா?” “அது பாட்டுக்கு ஓடட்டும்.” பெனிட்டா சிரித்தாள், அப்புறம் தயங்கினாள், கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். “நானும் ஒண்ணு சொல்லிறேன் சார். நீங்க அனுப்பின மூணு அத்தியாயம் இருக்கில்ல, ஒவ்வொண்ணுலயும் மொத பத்திய மட்டும்தான் படிச்சேன். சோம்பேறித்தனம் இல்ல. மொத பத்திலயே எல்லாம் கிடைச்சிருச்சு. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் பதில் போடலை.” கத்தி எங்கே இறங்கும் என்று மார்ச் மாதத்திலிருந்து பயந்துகொண்டிருந்த இடம் அதுதான், இறங்கியது, நாகசாமி சொன்னது சரி, ரத்தமே வரவில்லை. யாரோ ஒருத்தர் சொல்லிவிட்டார்கள். இனிமேல் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். அவர் சிரிக்க ஆரம்பித்தார், டை நெற்றியில் வழிந்தது, வசந்தாமணி ஓடிவந்து துண்டின் முனையால் ஒற்றினாள். “அந்தப் பதினொண்ணையும் தூக்கிப் போட்டாச்சு” என்றார். “மறுபடி மொதல்லேர்ந்து எழுதணும். நாலு இல்ல, அது ஒண்ணுதான். தேதி கேக்காதே. தேதி குடுத்தா எனக்கு எடிஷன் ஞாபகம் வந்துரும், எல்லாத்தையும் மொத வரியில கொட்டிருவேன்.” “கேக்கலை” என்றாள் பெனிட்டா. “நீங்க சாகறதுக்குள்ள குடுங்க, போதும்.” “இந்தப் புள்ள வாயி!” என்று வசந்தாமணி அவள் தோளில் ஒன்று வைத்தாள். அந்தப் பேச்சு, என்ன காரணத்தாலோ, அவருக்குப் பயமாக இல்லை. அப்பா வயது எதிர்வீட்டு வாசலில் நிற்கிறதென்றால் நிற்கட்டும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் உட்காரட்டும், அவசரமில்லை.

“சரி, இதையாச்சும் சொல்லுங்க சார்” என்று பெனிட்டா முன்னால் குனிந்தாள். “மொதல்லேர்ந்துன்னா எங்கேர்ந்து? அந்தம்மா வீட்டை விட்டுப் போறதுலேர்ந்தா?” அவர் வாயைத் திறந்தார். தறி, டீ, ஜன்னலோரம், கதவு, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றது, யார், எங்கே, எப்போது, ஒரே வாக்கியமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். இத்தனை வருடத்தில் கையில் செய்தியை வைத்துக்கொண்டு எதிரில் கேட்கிற ஆளையும் வைத்துக்கொண்டு அவர் வாயை மூடியதில்லை. வாயை மூடினார். “தெரியலை” என்றார். “தெரியலையா, சொல்ல மாட்டீங்களா?” “சொல்ல மாட்டேன்.” பெனிட்டா வசந்தாமணியைப் பார்த்தாள். வசந்தாமணி துண்டைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள். “ஏனுங்க, உடம்புக்கு நல்லாத்தானே இருக்குது? நம்ம சின்னவனுக்குப் பொண்ணு பாக்கப் போனதை, பாக்கறதுக்கு முந்தியே ஊருக்கெல்லாம் சொன்ன ஆளு நீங்க.” “அது அப்போ” என்றார். சொல்லாமல் விட்டது உள்ளே எங்கேயும் முட்டவில்லை, வலிக்கவில்லை, தன் பாட்டுக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பெனிட்டா இன்னும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது வரும் என்று.

“மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போ” என்றார் குழந்தைவேலு. அன்றைக்கு அவர் சொல்வதாக இருந்தது அது ஒன்றுதான்.